சுகர் ரிப்போர்ட் கடைசியில்தான் சொல்லும்: மெல்லிய அழற்சியும் இன்சுலின் எதிர்ப்பும்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு லேபில் 'ஃபுல் பாடி செக்கப்' எடுத்தால் இப்போதெல்லாம் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வருகிறது. ஏதாவது ஒரு வரி சிவப்பில் இருக்கும். அழற்சியை (இன்ஃப்ளமேஷன்) காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி என்ற ரத்த அளவு 4.2 என்று இருந்தால் 'உடம்பு முழுக்க இன்ஃப்ளமேஷனாம்' என்று வீட்டில் பீதி. மறுநாளே மஞ்சள் கேப்ஸ்யூல் வந்து இறங்கிவிடும். அதே ரிப்போர்ட்டில் ஃபாஸ்டிங் சுகர் 98 என்று கறுப்பில் இருந்தால், 'சுகர் நார்மல்தான் மாமா, கவலையை விடுங்கோ' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். முதல் எண் போன வாரத்துச் சளிக்காய்ச்சலால்கூட ஏறியிருக்கலாம். இரண்டாவது எண்ணுக்குப் பின்னால் பத்து வருடக் கோளாறு ஒன்று ஒளிந்திருக்கலாம்.

அழற்சி, இன்சுலின் எதிர்ப்பு, முதுமை ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பேசாத ஆரோக்கியப் பேச்சே இன்று இல்லை. ஆனால் ஒன்று மற்றொன்றை எப்படித் தூண்டுகிறது என்பதை யாரும் நின்று சொல்வதில்லை. அதனால்தான் பொடியும் கஷாயமும் விற்றுத் தீர்கின்றன. வயிற்றை அளக்கும் டேப் மட்டும் தையல் மெஷின் டிராயரிலேயே கிடக்கிறது.

ரத்தத்தில் இருப்பது ஒரு டீஸ்பூன்

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. காலை வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்றால், மொத்த ரத்தத்திலும் இருக்கும் குளுக்கோஸ் நாலரை கிராம். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான்.

இப்போது மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு கப் சாதத்தில் மாவுச்சத்து சுமார் 45 கிராம். சாம்பாருக்கு ஒரு கப், ரசத்துக்கு ஒரு கப், தயிருக்கு ஒரு கப் என்று மூன்று சுற்று போனால் 135 கிராம். இது முழுக்கக் குளுக்கோஸாக மாறி, நாலரை கிராம் மட்டுமே வழக்கமாக இருக்கும் ரத்தத்துக்குள் சில மணி நேரத்தில் வந்து சேர்கிறது. வந்ததை வந்தபடியே வெளியே அனுப்பியாக வேண்டும். தசைக்கு ஒரு பங்கு, கல்லீரலுக்கு ஒரு பங்கு, கொழுப்புத் திசுவுக்குக் கொஞ்சம். அந்த விநியோகத்துக்கு உத்தரவு போடும் ஹார்மோன்தான் இன்சுலின். கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள் அதைச் சுரக்கின்றன.

பெல் அடித்தும் திறக்காத கதவு

ஒரு ஃப்ளாட்டின் காலிங் பெல்லை எடுத்துக்கொள்வோம். கூரியர்காரர் வாசலில் ஸ்விட்சை அழுத்துகிறார். சுவருக்குள் ஓடும் ஒயர் வழியாக உள்ளே மணி அடிக்கிறது. வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்சலை வாங்கிக்கொள்கிறார்.

ஸ்விட்சை அழுத்தும் விரல், இன்சுலின். செல்லின் மேற்பரப்பில் உள்ள 'ஏற்பி' என்னும் புரதம், ஸ்விட்ச். உள்ளே செய்தியைக் கைமாற்றும் தூதுப் புரதங்கள், ஒயர். கதவு, குளூட்-4 என்ற புரதம். செய்தி வந்தால்தான் அது செல்லின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடும்.

இன்சுலின் எதிர்ப்பில் பெரும்பாலும் பழுதாவது ஒயர். ஸ்விட்ச் இருக்கிறது, அழுத்த விரலும் இருக்கிறது, மணிதான் சன்னமாகக் கேட்கிறது. உடனே கணையம் என்ன செய்கிறது? ஒரு விரலுக்குப் பதில் மூன்று விரலை அனுப்புகிறது. கதவு திறக்கிறது, பார்சல் போய்ச் சேர்கிறது, வராந்தாவில் எதுவும் தேங்கவில்லை. ரிப்போர்ட்டில் சுகர் நார்மல்!

இதை ஒரு கணக்கால் பார்க்கலாம். 1985-இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வகுத்த ஹோமா-ஐஆர் என்ற எளிய சூத்திரம் இது: வெறும் வயிற்றுச் சர்க்கரையை வெறும் வயிற்று இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை 95, இன்சுலின் 6 யூனிட். விடை 1.4. இன்னொருவருக்கும் சர்க்கரை அதே 95, ஆனால் இன்சுலின் 16. விடை 3.75. இரண்டு ரிப்போர்ட்டிலும் சுகர் கட்டத்தில் ஒரே எண்தான். உழைப்பில் இருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய மூன்று மடங்கு.

பீட்டா செல்களால் இந்தக் கூடுதல் வேலையைப் பல ஆண்டுகள் இழுக்க முடியும். சிலருக்குக் கடைசிவரை முடியும். பலருக்கு ஒரு கட்டத்தில் சுரப்பு தளர்கிறது. அப்போதுதான் ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. 'திடீர்னு சுகர் வந்துடுச்சு' என்று சொல்லப்படுவதில் திடீர் என்று எதுவும் இல்லை.

இதுவரை பார்த்தது: இன்சுலின் இருந்தும் செல்கள் அதற்குச் சரியாகச் செவிகொடுக்காத நிலை இன்சுலின் எதிர்ப்பு. கணையம் ஈடுகட்டும்வரை சுகர் எண் அதைக் காட்டாது. இனி, ஒயர் ஏன் கெடுகிறது?

அழற்சி என்றால் முழங்கால் வீக்கம் மட்டுமா?

விரலில் கத்தி பட்டால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே குவிந்து கிருமியைக் கொன்று, சேதத்தைச் சரிசெய்யும் வேலை அது. இதுதான் அழற்சி. சில நாளில் வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் சிக்கல், வராமலே போனால் அதைவிடப் பெரிய சிக்கல்.

நாள்பட்ட மெல்லிய அழற்சியில் சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்கள் ரத்தத்தில் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்த அளவில், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். இவற்றுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன். வயது ஏற ஏற இந்தப் பின்னணி அளவு உயர்வதை இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-இல் 'இன்ஃப்ளமேஜிங்' என்று பெயரிட்டு விவரித்தார்.

ஒயருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பது 1993-இல் தெளிவாகத் தொடங்கியது. பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற சைட்டோகைன் சுரப்பதையும், அதைத் தடுத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்வதையும் ஹோதமிஸ்லிகில், ஸ்பீகெல்மன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதுவரை கொழுப்பை வெறும் சேமிப்பாகவே பலரும் பார்த்தார்கள்.

செல்லுக்குள் நடப்பது இது. இன்சுலின் வந்ததும் தூதுப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால் செய்தி மேலே நகரும். டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்றவை வேறு சில நொதிகளைக் கிளப்பிவிடுகின்றன. அவை அதே புரதத்தின் வேறொரு இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. புரதம் அங்கேயே இருக்கிறது, ஆனால் செய்தியைக் கடத்தும் திறன் குறைந்துபோகிறது. இன்சுலின் எதிர்ப்பின் ஒரு முக்கியப் பகுதி இவ்வளவுதான்.

எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எங்கே என்பது முக்கியம்

தோலுக்கடியில், குறிப்பாகத் தொடையிலும் புட்டத்திலும், சேரும் கொழுப்பு அவ்வளவு தொந்தரவு தருவதில்லை. அந்தச் சேமிப்புக்கு ஆளுக்கு ஆள் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் கொழுப்புச் செல்கள் அளவுமீறிப் பருக்கும். சிலவற்றுக்கு ஆக்ஸிஜன் போதாமல் போகும். சில செத்தும் போகும். செத்ததை விழுங்கிச் சுத்தம் செய்ய மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் வந்து சூழும். பருத்த உடல்களின் கொழுப்புத் திசுவில் இவை கூட்டமாக இருப்பதை 2003-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன. சைட்டோகைன்களில் பெரும்பகுதி வருவது இங்கிருந்துதான்.

இடமில்லாத கொழுப்பு குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், தசை நாருக்குள்ளும் போய்த் தங்குகிறது. தசைக்குள் தேங்கும் கொழுப்பின் இடைப்பொருட்கள் அழற்சியின் துணை இல்லாமலே ஒயரைக் கெடுக்கக்கூடியவை. கல்லீரலின் கதை வேறு. இரவில் நாம் தூங்கும்போது அளவாகக் குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடுவது அதன் வேலை. 'போதும்' என்று சொல்வது இன்சுலின். கொழுப்பேறிய கல்லீரலுக்கு அந்தப் 'போதும்' சரியாக எட்டுவதில்லை. ராத்திரி ரெண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன், காலையில் ஃபாஸ்டிங் 118 எப்படி என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் விடை இங்கே இருக்கிறது.

இதிலிருந்து ஒரு வட்டம் கிளம்புகிறது. கொழுப்புச் செல்லிலிருந்து கொழுப்பு அமிலம் வெளியேறாமல் தடுப்பதும் இன்சுலினின் வேலைதான். கொழுப்புச் செல்லே இன்சுலினுக்குச் செவிகொடுக்காவிட்டால் அமிலங்கள் கசிகின்றன. அவை கல்லீரலையும் தசையையும் மேலும் கெடுக்கின்றன, அழற்சியையும் கிளப்புகின்றன. எனவே 'அழற்சியால் இன்சுலின் எதிர்ப்பா, இன்சுலின் எதிர்ப்பால் அழற்சியா' என்ற பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் சரி.

ஒல்லியாக இருப்பவர்கள் இதை மற்றவர்கள் பிரச்சினை என்று விட்டுவிட வேண்டாம். புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் உடம்பையே ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உயரத்துக்கேற்ற எடை என்ற கணக்கில் இருவரும் ஒன்றே. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்திய உடலுக்குத் தோலடிச் சேமிப்பின் எல்லை சீக்கிரம் வந்துவிடுகிறது. கை கால் மெலிந்து, தொப்பை மட்டும் தள்ளிய நம் ஊர் உடல்வாகு இதன் வெளித்தோற்றம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். வயிற்றுப் பருமனோ 39.5 சதவீதம் பேருக்கு.

வயது இதில் எங்கே வருகிறது?

முதலில் தசை. இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தி அளக்கும் ஆய்வுகளில், உடல் எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸில் சுமார் 80 சதவீதம் தசைக்குத்தான் போகிறது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. எடை மாறாமல் இருப்பதால் இது தெரிவதில்லை. தசை போன இடத்தில் கொழுப்பு வந்திருக்கும். எடைமெஷினுக்கு இரண்டும் ஒன்றே. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு நகர்வதும் சேர்ந்துகொள்கிறது.

தசை இழப்பு எப்போதும் மெதுவாகவே நடக்கும் என்றும் இல்லை. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. மழைக்காலத்து டெங்குவுக்கோ இடுப்பு எலும்பு அறுவைக்கோ ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தபின் 'சுகர் கட்டுக்குள் வரவே மாட்டேங்குது' என்று சொல்வதன் ஒரு காரணம் இது. மும்பைக்கே உரிய இன்னொன்றும் உண்டு. லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் நாற்பது வருடம் ஏறி இறங்கியவர்கள், பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் ரீடெவலப்மென்ட் முடிந்து பதினேழாவது மாடிக்குப் போனதும் ஒரு படிகூட மிதிப்பதில்லை. புது ஃப்ளாட்டின் விலைப்பட்டியலில் இந்தச் செலவைப் போடுவதில்லை!

அடுத்தது முதிர்ந்த செல்கள். சேதமடைந்த சில செல்கள் பிளவதையும் நிறுத்தி, சாகவும் செய்யாமல் அப்படியே தங்கிவிடுகின்றன. தங்கியபடி சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. இளவயதில் எதிர்ப்பு மண்டலம் இவற்றை அகற்றிவிடும். வயதானால் அந்த வேலை பின்தங்கும். இவற்றை அழிக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன. அதன் பெயரில் விற்கப்படும் கேப்ஸ்யூலுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஈறு நோய், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, புகையிலை ஆகியவையும் அழற்சியை உயர்த்துபவை. இதில் ஈறை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பல் தேய்த்துத் துப்பும்போது ரத்தம் கலந்து வந்தால் அதுவும் அழற்சிதான், தினமும் நடப்பது. சர்க்கரை உள்ளவர்கள் ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் மூன்று நான்கு மாதத்தில், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எண் சுமார் 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது.

ஆக, வயது என்பது ஒரு நேரடிக் காரணமாக நிற்பதில்லை. பயிற்சியை விடாத முதியவர்களின் இன்சுலின் உணர்திறன் இளையவர்களுக்கு நெருக்கமாகவே இருக்கிறது. வயதோடு கூடவே வரும் தசை இழப்பு, வயிற்றுக் கொழுப்பு, முதிர்ந்த செல்கள் ஆகியவைதான் வேலையைச் செய்கின்றன. முதல் இரண்டையும் நாம் மாற்ற முடியும்.

அழற்சியை மட்டும் அடக்கினால் போதாதா?

நியாயமான கேள்வி. 1876-இலேயே ஜெர்மனியில் எப்ஸ்டைன் என்ற மருத்துவர், அதிக அளவு சோடியம் சாலிசிலேட் கொடுத்தால் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கவனித்தார். ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு அது. அதே குடும்பத்து மருந்தை வைத்து 2013-இல் முடிந்த சோதனையில் எச்பிஏ1சி ஏறக்குறைய 0.4 புள்ளி குறைந்தது. இருக்கிறது, ஆனால் சிறியது.

அடுத்தது இன்னும் சுவாரசியம். கனகினுமாப் என்ற மருந்து ஓர் அழற்சிச் சைட்டோகைனை மட்டும் குறிவைத்துத் தடுப்பது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் சோதித்தார்கள். சிஆர்பி நன்றாகக் குறைந்தது, மாரடைப்பும் குறைந்தது, ஆனால் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது குறையவில்லை. அழற்சி ஒரு வழி, ஒரே வழி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. தேங்கிய கொழுப்பும் குறைந்த தசையும் அப்படியே இருக்க, மேலே மிதக்கும் சைட்டோகைனை மட்டும் வடிப்பதில் பயன் குறைவு. இவ்வளவு வீரியமான மருந்துக்கே இந்த நிலை என்றால் ரசத்தில் போடும் மஞ்சளிடம் என்ன எதிர்பார்ப்பது? அதிலுள்ள குர்குமின் என்ற வேதிப்பொருள் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. ருசிக்குப் போடுங்கள். இதற்காக ஆஸ்பிரினைத் தானாக வாங்கிப் போடுவது மட்டும் கூடாது. வயதானவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

எதை அளப்பது?

முதலில் டேப். பேண்ட் சைஸ் 34 என்பது வயிற்றின் அளவு ஆகாது. பெல்ட் தொப்பைக்குக் கீழே போயே வருடங்கள் ஆகியிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், நின்றபடி, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இந்தியர்களுக்கான எல்லை. உயரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது நினைவில் நிற்கும் இன்னொரு கணக்கு: 160 சென்டிமீட்டர் உயரமென்றால் 80.

அடுத்து கழுத்து. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி தடித்த கருமை இருந்தால், அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருந்தால் தோல் செல்கள் பெருகி அப்படி ஆகும். கடலைமாவும் பீர்க்கங்காய் நாரும் வைத்துத் தேய்த்தால் தோல்தான் உரியும்.

மூன்றாவது நாற்காலி. கைகளை மார்பின்மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 வினாடிக்கு மேல் ஆனால் தசை வலு குறைந்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனையில், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125, அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் சர்க்கரைக்கு முந்தைய நிலை. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய குளுக்கோஸை வைத்துச் சொல்லும் மூன்று மாதச் சராசரி. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இது பொய்யாக உயர்ந்து காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் நம்பமுடியாது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-க்கு மேலும், ஹெச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரால் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழும் சேர்ந்து வந்தால் இன்சுலின் எதிர்ப்பை வலுவாகச் சந்தேகிக்கலாம். வெறும் வயிற்று இன்சுலின் பரிசோதனை எல்லாருக்கும் தேவையில்லை. எடுத்தால் ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் எண் மாறும். ஹோமா-ஐஆர் 2.5-க்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஹெச்எஸ்-சிஆர்பி ஒன்றுக்குக் கீழே நல்லது, 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் எங்கோ தொற்று அல்லது காயம்; சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். காய்ச்சல், பல் பிடுங்கல், தடுப்பூசி முடிந்த கையோடு எடுத்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தசையிலிருந்து தொடங்குங்கள்

தசை சுருங்கி விரியும்போது குளூட்-4 கதவுகள் பெல் அடிக்காமலே திறக்கின்றன. இன்சுலின் தேவைப்படாத தனி வழி அது. ஒயர் கெட்ட வீட்டிலும் வேலை செய்யும். பயிற்சி முடிந்த பிறகும் அந்தத் தசைக்கு இன்சுலின் நன்றாகக் கேட்கும். ஆனால் ஒன்றிரண்டு நாளில் அந்தப் பலன் தேய்ந்துவிடும். ஞாயிறு மட்டும் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைப் பத்துச் சுற்று சுற்றுவதால் ஏன் பெரிய மாற்றம் வருவதில்லை என்பது இதிலிருந்தே புரியும். இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விழக்கூடாது.

வாரத்தில் 150 நிமிட வேக நடை. அதில் ஒரு பகுதியை மதியமும் இரவும் சாப்பிட்ட பின் 10 முதல் 15 நிமிடமாகப் பிரித்துக்கொண்டால் உணவுக்குப் பிந்தைய ஏற்றம் தணியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. பார்க்கிங்கிலோ வராந்தாவிலோ நடந்தாலும் அதே பலன்தான். நடை மட்டும் போதாது என்பதுதான் பலர் தவறவிடும் இடம். நடை தசையின் அளவைப் பெருக்குவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாள் விட்டு நாள், வலுப்பயிற்சி வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை. கிச்சன் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது 15 முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகத் தூக்குவது 10 முறை. இதை மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டப்பட வேண்டும். சுலபமாக முடிந்தால் எடையைக் கூட்டுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும், எழும்போது மூச்சை விடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நெஞ்சுவலி, கண்ணில் சர்க்கரை பாதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.

தட்டில் என்ன மாற்றம்?

முதியவர்களுக்குத் தினசரி புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். காலை இட்லி, மதியம் மூன்று சுற்றுச் சாதம், இரவு உப்புமா, நடுவில் டீ என்ற சைவச் சாப்பாட்டில் இது எட்டுவது கடினம். நீர்த்த சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருந்துவிடப் போகிறது! ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18, 100 கிராம் மீனில் சுமார் 20, ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 14. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும்.

சாதத்தை ஒரு கப்பாகக் குறைத்து, பொரியல், கூட்டு, சுண்டலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்தைக் கடைசியில் தொட்டால், அதே உணவுக்குச் சர்க்கரை குறைவாக ஏறும். அரிசிக்குப் பதில் ராகி என்பதில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால் ராகியிலும் 70-ஐ ஒட்டித்தான். கஞ்சியாகக் காய்ச்சினால் வேகமாகவே ஏறும். நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல், அளவு குறைந்தால்தான் லாபம். விரத நாளின் சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி ஏறத்தாழ முழுக்க மாவு. அரை கிளாஸ் கட்டிங் சாய்தானே என்று ஆறு முறை குடித்தால், தலா ஒரு ஸ்பூன் என்றாலும் 25 முதல் 30 கிராம் சர்க்கரை.

எவ்வளவு எடை குறைய வேண்டும்? 2002-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உழைப்பும் இலக்கு. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 71 சதவீதம். இளையவர்களைவிட முதியவர்களுக்கே அதிகப் பலன், இதைப் பலரும் நம்புவதில்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்தியச் சோதனையில் குறைவு 28.5 சதவீதம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையாலும் ஏறக்குறைய அதே அளவுதான், இரண்டையும் சேர்த்தாலும் கூடவில்லை. முதியவர்கள் பட்டினி கிடந்து அவசரமாக எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம், வலுப்பயிற்சி இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் சாதத்தைக் குறைத்துப் பயிற்சியையும் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மருந்தளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். வியர்வை, நடுக்கம், பசி இளைஞர்களுக்கு வரும் அறிகுறிகள். முதியவர்களுக்கு வெறும் தடுமாற்றமும் சம்பந்தமில்லாத பேச்சும் மட்டுமே வரலாம். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிதான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பல ஆண்டுகளாகச் சாப்பிடும் சைவக்காரர்கள் வருடம் ஒருமுறை பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. பாதத்தில் எரிச்சலையும் மரமரப்பையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு, குறைந்துபோன பி12-ஐக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.